பில் இல்லாத விலை: உப்பும் மீனும் மஞ்சளும் சொல்லும் கதை

"பில் வேணுமா? பில் இல்லாட்டி கொஞ்சம் குறைச்சுத் தாறன். காசாத் தாங்க."

டைல்ஸ், தண்ணீர்ப் பம்பி, டீவி, கூரைத் தகரம் என்று கொஞ்சம் பெரிய சாமான் வாங்கப் போனவர்கள் யாருக்கும் இந்தப் பேச்சு புதுசில்லை. வாங்குகிறவருக்கு விலை குறைகிறது, விற்கிறவருக்கு வரி மிச்சம். நட்டம் எங்கேயோ கொழும்பில் இருக்கிற அரசாங்கத்துக்குத்தான். அந்த அரசாங்கம் நமக்கு என்ன செய்து கிழித்தது என்று ஒரு பேச்சும் கூடவே வரும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்த மிச்சத்தில் நம் பங்கு எவ்வளவு? எங்கள் வட்டத்தில் இதைப் பேசத் தொடங்கினால் பாதிப் பேர் ஒழுக்கம் பேசுவார்கள், மீதிப் பேர் அரசியல்வாதிகளைத் திட்டுவார்கள். கணக்கை யாரும் பார்ப்பதில்லை. அதனால் நாங்கள் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தோம். புத்தளம் கரை இதற்குச் சரியான இடம். சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரைக்கும் இந்தக் கரையில் உப்பு, மீன், பாக்கு, சாராயம், மஞ்சள் எல்லாவற்றுக்கும் யாரோ ஒருவர் வரி கேட்டிருக்கிறார், யாரோ ஒருவர் ஏய்த்திருக்கிறார். அந்த ஏய்ப்பில் வாங்கிய சனத்துக்கு என்ன கிடைத்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

கறுவாவும் துணியும்

1344இல் இபுனு பதூதா இலங்கையில் வந்து இறங்கிய இடத்தை 'பத்தாலா' என்று எழுதுகிறார். அது புத்தளம்தான் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். ஆரியச் சக்கரவர்த்தி அங்கே அவரை வரவேற்கிறார். கரையெல்லாம் ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் குவிந்து கிடந்ததாகவும், மலபாரிலிருந்தும் மஃபரிலிருந்தும், அதாவது தமிழ்க் கரையிலிருந்தும், வருகிறவர்கள் அதை விலை கொடுக்காமலே எடுத்துப் போனதாகவும் அவர் சொல்கிறார். ஆனால் பதிலுக்கு அரசனுக்குத் துணிமணிகளைக் காணிக்கையாகக் கொடுப்பார்களாம்.

விலை இல்லை, வரி இல்லை, 'அன்பளிப்பு' மட்டும் உண்டு! கரையில் கடக்கிற பொருளில் ஆளுகிறவனுக்கு ஒரு பங்கு போய்த்தான் ஆக வேண்டும் என்பது அன்றைக்கே இருந்த ஏற்பாடு. வரி என்று பெயர் வைத்தாலும் காணிக்கை என்று பெயர் வைத்தாலும் பங்கு பங்குதான். அந்தப் பங்கு எவ்வளவு, அதை யார் தீர்மானிப்பது, கொடுக்காவிட்டால் மிச்சம் யாருக்கு என்பதுதான் அதற்குப் பிறகு வந்த நூற்றாண்டுகளின் சண்டை.

கள்ளக்கடத்தல் சனத்துக்கு உதவிய காலம்

நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். ஏய்ப்பால் வாங்குகிறவர்களுக்கும் விற்ற குடியானவர்களுக்கும் உண்மையாகவே நன்மை கிடைத்த காலம் ஒன்று உண்டு. அது ஒல்லாந்தர் காலம்.

1640இல் கற்பிட்டியைப் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1667க்கும் 1676க்கும் இடையில் அங்கே கோட்டை கட்டினார்கள். கற்பிட்டியின் இருப்பிடத்தைப் படத்தில் பார்த்தால் ஏன் என்று விளங்கும். புத்தளம் களப்பின் வாய் வடக்கே திறந்திருக்கிறது. கற்பிட்டியில் உட்கார்ந்திருக்கிறவன் கண்ணில் படாமல் புத்தளத்துக்கு ஒரு வள்ளம் போய்விட முடியாது. புத்தளமோ அப்போது கண்டி அரசனின் துறைமுகம். மலைநாட்டுப் பாக்கும் மிளகும் அங்கே இறங்கும். தென்னிந்தியச் செட்டிமாரும் முஸ்லிம் வணிகர்களும் துணியும் அரிசியும் கொண்டுவந்து மாற்றிப் போவார்கள். களப்பின் கழுத்தைப் பிடித்தால் கண்டியின் கழுத்தையே பிடித்த மாதிரி.

ஒல்லாந்தக் கம்பனி பாக்கு வாணிபத்தைத் தன் ஏகபோகமாக ஆக்கப் பார்த்தது. ஏகபோகம் என்றால் விளைவித்தவனுக்குக் குறைந்த விலை, வாங்குகிறவனுக்குக் கூடின விலை. இடையில் இருப்பது கம்பனி. இந்திய வணிகர்கள் வருவது குறையக் குறைய, அவர்கள் கொண்டுவந்த துணிக்கும் தட்டுப்பாடு. வரலாற்றாசிரியர் சி. அரசரத்தினம் ஒல்லாந்தர் காலத்தைப் பற்றி எழுதியவற்றில் இந்த இழுபறி விரிவாக இருக்கிறது.

இந்த நிலையில் கம்பனியின் கண்ணை மறைத்துப் பாக்கை ஏற்றி, துணியை இறக்கிய ஒருவர் என்ன செய்தார்? உடைக்க முடியாத ஏகபோகத்தில் ஒரு ஓட்டை போட்டார். மலைநாட்டுக் குடியானவருக்குப் பாக்குக்குக் கொஞ்சம் கூடின விலை, துணிக்குக் கொஞ்சம் குறைந்த விலை. அந்தச் சட்டத்தைப் போடும்போது சனத்தை யாரும் கேட்கவில்லை. அந்த வருமானத்திலிருந்து சனத்துக்கு ஒரு கிணறுகூட வெட்டிக் கொடுக்கப்படவில்லை, லாபம் அம்ஸ்டர்டாமுக்குப் போனது. ஆக, 'எல்லா ஏய்ப்பும் சனத்துக்குத் துரோகம்' என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. இங்கே சனத்துக்கு உதவியது போட்டி என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வாங்குகிறவன் இருந்த இடத்தில் இரண்டாவதாக ஒருவன் வந்தான். வரி கட்டாதது தன்னளவில் விலையைக் குறைக்கவில்லை, போட்டி குறைத்தது.

உப்பு

புத்தளத்தைப் பற்றிப் பேசிவிட்டு உப்பைப் பற்றிப் பேசாமல் போக முடியுமா? ஆழமில்லாத களப்பு, நீண்ட வெயில், அடிக்கிற காற்று. பாத்தி கட்டி நீரை விட்டால் போதும், மீதி வேலையைச் சூரியன் பார்க்கும். மலைநாட்டிலோ ஒரு கைப்பிடி உப்புக்கும் வழியில்லை. அதனால் பொதிமாடுகளின் தொடர், 'தவளம்', உப்பும் கருவாடும் சுமந்து உள்ளே போகும், பாக்கும் மிளகும் சுமந்து திரும்பும். புத்தளம் முஸ்லிம்கள் பலருடைய பிழைப்பு தலைமுறை தலைமுறையாக இந்தப் பாதையில்தான் நடந்தது.

1766இல் ஒல்லாந்தர் கண்டி அரசனோடு ஒப்பந்தம் செய்து கரை முழுவதையும் எடுத்துக்கொண்டார்கள். புத்தளம், சிலாபம் பக்கத்து உப்பை அரசனின் குடிகள் அள்ளிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை. பாருங்கள், நேற்றுவரை அரசனுடைய சொந்த உப்பு. இன்று அடுத்தவன் கொடுத்த அனுமதி.

1795இல் ஆங்கிலேயர் கற்பிட்டியைப் பிடித்தார்கள், 1815இல் கண்டியையும். உப்பு அரசின் ஏகபோகமானது. உப்பு விளைவிப்பவர் அரசு சொன்ன விலைக்கு அரசுக்கே கொடுக்க வேண்டும். அரசு அதைப் பல மடங்கு விலைக்குச் சனத்துக்கு விற்கும். இரண்டுக்கும் இடையில் இருக்கிற வித்தியாசம்தான் வரி. 'வரி' என்ற சொல்லே எங்கும் வராது, விலைக்குள்ளே ஒளிந்திருக்கும். அனுமதி இல்லாமல் உப்பு விளைவிப்பதும் அள்ளுவதும் குற்றம். வீட்டுக்குப் பின்னால் களப்பு ஓரத்தில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிற உப்பைக் கைநிறைய எடுத்தாலும் கள்ளன்.

கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டியை நம்மில் பலர் தமிழ்ப் புலவர் வரலாறு எழுதியவராக மட்டுமே அறிவோம். 1834இல் 'சிலோன் கெசட்டியர்' என்ற பெரிய நூலைத் தந்தவரும் அவர்தான். அவர் புத்தளத்தில் அரச பணியில் மணியக்காரராக இருந்தவர். ஊரை இவ்வளவு நுணுக்கமாக எழுதிவைத்த ஒருவர், ஊரிலிருந்து வருமானம் திரட்டும் இயந்திரத்திலும் ஒரு பாகமாக இருந்தார். காலனி ஆட்சியில் படித்த ஆட்களுக்கு இருந்த வேலை அதுதான்.

1829இல் வந்த கோல்புறூக் ஆணைக்குழு ஏகபோகங்களைக் கைவிடச் சொன்னது. 1833இல் கறுவா ஏகபோகம் போனது. உப்பு ஏகபோகம் போகவில்லை. ஏன்? கறுவாவை வாங்குகிறவன் ஐரோப்பாவில் இருந்தான், விலை கூடினால் வேறு நாட்டுச் சரக்கைத் தேடிப் போவான். உப்பை வாங்குகிறவன் எங்கேயும் போக மாட்டான். ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே அளவு உப்புத்தான் வேண்டும், விலை கூடினாலும் வாங்கித்தான் ஆக வேண்டும். வரி வசூலிக்கிற அரசுக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்குமா?

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இலங்கையில் வருமான வரி வந்தது 1932இல்தான்! அதுவரை கோப்பித் தோட்டம், தேயிலைத் தோட்டம், தென்னந்தோட்டம், சாராயக் குத்தகை என்று எவ்வளவு சம்பாதித்தாலும் அந்த வருமானத்துக்கு வரி இல்லை. அரசை நடத்துகிற காசு சுங்கத்திலிருந்தும் உப்பிலிருந்தும் சாராயத்திலிருந்தும் வந்தது. வயல் உழுதவனும் தோட்டத்தில் கொழுந்து பறித்தவளும் கறிக்குப் போட்ட உப்பில் அரசுக்கு வரி கட்டினார்கள். தோட்டம் வைத்திருந்த துரையின் லாபத்தில் ஒரு சதமும் போகவில்லை. சர்வசன வாக்குரிமை வந்தது 1931இல். அடுத்த வருடம் வருமான வரி. அது தற்செயல் இல்லை என்பது எங்கள் எண்ணம்.

இந்த வரலாற்றிலிருந்து எங்களுக்குக் கிடைத்த முக்கியமான பாடம் இதுதான்: பணக்காரர்களின் வருமானம் அரசின் கைக்கு எட்டாமல் போனால் அரசு வரி வாங்காமல் விட்டுவிடாது. ஒளிக்க முடியாத பொருளைத் தேடிப் போகும், உப்பைத் தேடிப் போகும்.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். 1930 ஏப்ரலில் காந்தி தண்டியில் உப்பை அள்ளினார். அதே மாதம் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். அவர்களும் சட்டத்தை மீறி வரி கட்டாமல்தான் உப்பு எடுத்தார்கள். ஆனால் பகலில், ஊர் பார்க்க, அறிவித்துவிட்டு, பிடித்தால் சிறை போகத் தயாராக. அவர்கள் கேட்டது எல்லாருக்கும் அந்த வரி இல்லாமல் போக வேண்டும் என்று. "எனக்கு மட்டும் குறைச்சுத் தாங்க, பில் வேணாம்" என்பது அந்த வகையில் சேராது. இரண்டையும் 'அரச எதிர்ப்பு' என்று ஒரே கூடையில் போடுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், அதனால் சொல்கிறோம்.

மீன் வரி போனபோது

ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் பிடித்த மீனிலும் பங்கு கேட்டார்கள். அரசு நேரடியாகக் கரையில் நின்று எண்ணுவதில்லை. வரி எடுக்கிற உரிமையை ஏலத்தில் விடும். கூடக் கேட்டவன் குத்தகைக்காரன். அவன் கரையில் ஆள் வைத்துப் பங்கு எடுப்பான். அரசுக்குக் கட்டியதற்கு மேலே வருவதெல்லாம் அவனுடையது.

1840இல் அரசு மீன் வரியை நீக்கியது. அப்போது நடந்ததுதான் சுவாரசியம். காலனிச் செயலாளராக இருந்த எமர்சன் டெனென்ட் எழுதியிருக்கிறார்: மேற்குக் கரையின் கத்தோலிக்க மீனவர்கள், அதுவரை அரசுக்குக் கொடுத்த பங்கைத் தாங்களாகவே தங்கள் திருச்சபைக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். இந்தக் கரையில் இன்றைக்கும் நிமிர்ந்து நிற்கிற பழைய கோயில்களைப் பார்க்கிறபோது இந்தக் கதையையும் நினைக்க வேண்டும். அந்தக் கல்லிலும் சுண்ணாம்பிலும் மீனவரின் பிடியில் ஒரு பங்கு இருக்கிறது.

வரி இல்லாமல் போனால் விலை குறையும் என்று நினைக்கிறவர்களுக்கு இந்தச் சம்பவம் ஒரு நல்ல பாடம். அரசின் பங்கு போனது. பங்கு போகவில்லை! கை மாறியது. மீன் வாங்கிய வீட்டுப் பெண் இந்தக் கொடுக்கல் வாங்கலில் எந்தப் பக்கத்திலும் இல்லை. கரையில் மீன் விலையை அன்றைய பிடியும் அன்றைய கிராக்கியும்தான் தீர்மானிக்கும். கடல் கொந்தளித்தால் விலை ஏறும், கீரி மீன் குவிந்தால் விழும். வரி போனதாலேயே மீன்காரர் விலையைக் குறைக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

ஆனால் மீனவர்கள் ஏன் தாங்களாகவே கொடுத்தார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். தாங்கள் கொடுத்த பங்கு என்ன ஆகிறது என்று அவர்களுக்குத் தெரிந்தது. கோயில் கண் முன்னால் எழுந்தது, திருநாள் நடந்தது. குத்தகைக்காரன் எடுத்த பங்கு எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. வரி கொடுக்க மனம் வராததற்கு எல்லா நேரமும் பேராசை காரணம் இல்லை என்பதற்கு இது சாட்சி.

குத்தகை முறை சாராயத்திலும் இருந்தது. பெரும் குத்தகைக்காரர்கள் ஏலத்துக்கு முன்னாலே தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு கேள்வியைக் குறைத்ததையும், அந்தக் காசிலிருந்து இலங்கையின் முதல் உள்நாட்டுப் பணக்காரக் குடும்பங்கள் பல எழுந்ததையும் குமாரி ஜயவர்தன 19ஆம் நூற்றாண்டு முதலாளி வர்க்கத்தைப் பற்றிய தன் நூலில் விளக்கியிருக்கிறார். அரசுக்குப் போக வேண்டியது குறைந்தது. குடித்தவனுக்குச் சாராயம் மலிவாகவில்லை. மிச்சம் குத்தகைக்காரனின் தோட்டமாகவும் மாளிகையாகவும் மாறியது.

மஞ்சள்

பழங்கதை போதும் என்கிறவர்களுக்கு 2020. முந்திய வருடக் கடைசியில் அரசு மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியது. சில நூறு ரூபாவுக்கு விற்ற ஒரு கிலோ மஞ்சள் பல ஆயிரம் ரூபாவுக்குப் போனது. மன்னாரிலும் கற்பிட்டியிலும் கடற்படை மூட்டை மூட்டையாக மஞ்சள் பிடித்த செய்தி அடிக்கடி வந்தது. இதற்கு முன்பே, இறக்குமதி வரி கூடிய பீடி இலை இதே வழியில் வந்துகொண்டிருந்தது. பாதை புதுசில்லை, சரக்குத்தான் புதுசு.

கடத்தி வந்த மஞ்சளுக்குச் சுங்க வரி இல்லை, வற் இல்லை, எதுவுமே இல்லை. அக்கரையில் அதன் விலை நம் காசில் சில நூறு ரூபாதான். அப்படியென்றால் நம் கடையில் மலிவாகக் கிடைத்திருக்க வேண்டுமே? கிடைக்கவில்லை. ஏனென்றால் கடைக்காரர் கடத்தல் மஞ்சளைத் தான் வாங்கிய விலையைப் பார்த்து விற்கவில்லை. ஊரில் தட்டுப்பாடு எந்த விலையை நிர்ணயித்ததோ அந்த விலைக்கு விற்றார். இரண்டு விலைக்கும் நடுவில் இருந்த பெரிய இடைவெளி, காசு போட்டவருக்கும் படகு வைத்திருந்தவருக்கும் பதுக்கிவைத்தவருக்கும் போனது. இரவில் கடலில் போய்ப் பிடிபட்டவர் கூலிக்குப் போன பொடியன். கூடின விலை கொடுத்தவர் நம் உம்மா. போதாக்குறைக்கு மாவு கலந்த மஞ்சள் தூள் சந்தையில் ஓடியது. பில் இல்லாத சரக்கில் கலப்படம் என்றால் யாரிடம் போய் முறையிடுவது?

ஒல்லாந்தர் காலப் பாக்கையும் இதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மஞ்சள் தடையும் மோசமான சட்டம்தான். கடத்தல் இல்லாவிட்டால் விலை இன்னும் ஏறியிருக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் கடத்துகிறவர்களுக்குள் போட்டி குறைவு, சரக்கு குறைவு. அதனால் மிச்சம் அவர்கள் கையோடு நின்றுவிட்டது.

சரி, இன்றைய கடையில்?

இனிக் கணக்குக்கு வருவோம். இப்போது வற் 18 சதவீதம், 2024 ஜனவரியிலிருந்து. பில் இல்லாமல் வாங்கினால் அந்த 18 சதவீதமும் நமக்கு மிச்சம் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

ஒரு கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் 1,000 ரூபாவுக்கு ஒரு சாமான் எடுக்கிறார். அதோடு 180 ரூபா வற், மொத்தம் 1,180. அவருடைய லாபம் 300. ஆக 1,300 ரூபாவும் அதற்கு வற் 234 ரூபாவும் சேர்த்து, நமக்கு விலை 1,534. நம்மிடம் வாங்கிய 234இல் தான் ஏற்கனவே கட்டிய 180ஐக் கழித்துக்கொண்டு, மீதி 54 ரூபாவை அரசுக்குக் கட்டுகிறார். வற் என்பது இப்படிப் படிப்படியாக ஏறுகிற வரி.

இப்போது பில் போடாமல் விற்றால் அவர் அரசுக்குக் கொடுக்காமல் விடுவது எவ்வளவு? 234 இல்லை. 54 ரூபா. அதுதான் இருவரும் பங்கு போட்டுக்கொள்ள இருக்கிற கேக். நமக்கு 30 ரூபா குறைத்தால் அவருக்கு 24. ஆயிரத்து ஐந்நூறு ரூபாச் சாமானில் நம் லாபம் இரண்டு சதவீதம்! அதற்காக நாம் விட்டுக்கொடுப்பது பில்லை. பில் இல்லாவிட்டால் உத்தரவாதம் இல்லை, மாற்றித் தரச் சொல்லிக் கேட்க ஆதாரம் இல்லை, நுகர்வோர் அதிகாரசபைக்குப் போனால் காட்டக் கையில் ஒன்றும் இல்லை.

"இல்லையே, எனக்கு 130 ரூபா குறைச்சாரே" என்று ஒருவர் சொல்லலாம். அப்படியென்றால் அந்தக் காசு வேறு எங்கிருந்தோ வருகிறது. சரக்கே பில் இல்லாமல் வந்த கள்ளச் சரக்காக இருக்கலாம். விற்றதை மறைத்துவிட்டு, வாங்கியபோது கட்டிய 180ஐ மட்டும் வேறு விற்பனையோடு சேர்த்துக் கழித்துக்கொள்கிறவராக இருக்கலாம். தன் லாபத்துக்கான வருமான வரியையும் சேர்த்து ஒளிக்கிறவராக இருக்கலாம். அல்லது முதலில் சொன்ன விலையே கூட்டிச் சொன்ன விலையாக இருக்கலாம். கடைசிச் சாத்தியம்தான் நம் ஊர்களில் ரொம்பச் சாதாரணம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

இதைவிட மோசமானது இன்னொன்று. விலைப்பலகையில் இருக்கிற விலைக்குள் வற் ஏற்கனவே இருக்கிறது. நாம் அதே விலையைக் காசாகக் கொடுக்கிறோம், பில் கேட்பதில்லை, அவரும் தருவதில்லை. அந்த வரியை நாம் கட்டிவிட்டோம். அரசுக்குப் போகவில்லை. அங்கே ஏய்க்கப்பட்டது அரசு மட்டுமில்லை, நாமும்தான்.

பக்கத்துக் கடையையும் பாருங்கள். ஒழுங்காகப் பில் போடுகிறவர் ஒவ்வொரு சாமானிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தோற்கிறார். ஒருநாள் அவரும் பில் போடுவதை நிறுத்துவார், அல்லது கடையை மூடுவார். இரண்டில் எது நடந்தாலும் அதற்குப் பிறகு முதல் கடைக்காரர் நமக்கு ஏன் குறைத்துத் தர வேண்டும்? போட்டி போனால் தள்ளுபடியும் போகும், கழிவும் போகும். ஒல்லாந்தர் காலத்துப் பாடம் இங்கே தலைகீழாக வருகிறது.

காசு வேறு, களவு வேறு

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். காசில் வியாபாரம் செய்கிற எல்லாரும் வரி ஏய்க்கிறவர்கள் இல்லை. 2024 ஜனவரியில் வற் பதிவுக்கான எல்லை வருடம் 60 மில்லியன் ரூபாவாகக் குறைக்கப்பட்டது. அதாவது மாதம் 50 லட்சம் ரூபாவுக்கு விற்பனை. சைக்கிளில் மீன் விற்கிறவரும், மூலைச் சில்லறைக் கடையும், வீதியோரத்தில் உடுப்பு விற்கிறவரும் அந்த எல்லைக்கு எத்தனையோ தூரம் கீழே. அவர்கள் பில் தராததை ஏய்ப்பு என்று சொல்வது அநியாயம்.

புத்தளத்தில் இதற்கு இன்னொரு கனமும் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கான குடும்பங்களாகப் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் வந்தார்கள். கடையையும் நகையையும் கணக்குக் கொப்பியையும் விட்டுவிட்டு வந்தவர்கள். ஓலைக் கொட்டிலில் இருந்துகொண்டு பத்துக் கிலோ வெங்காயத்தோடு தொடங்கிய வியாபாரத்துக்கு வங்கிக் கணக்கும் பதிவு இலக்கமும் எங்கிருந்து வரும்? காசும் நம்பிக்கையும்தான் அவர்களுடைய முதல். வரி பற்றிப் பேசும்போது சுட்டுவிரல் முதலில் சின்னவர்கள் பக்கம் திரும்புவதை நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம்.

பெரிய ஓட்டை மேலே இருந்தது. 2019 டிசம்பரில் வற் 15இலிருந்து 8 சதவீதமாகக் குறைந்தது. பதிவு எல்லை வருடம் 12 மில்லியனிலிருந்து 300 மில்லியனாக, 25 மடங்காக, உயர்ந்தது. பெரிய பெரிய வியாபாரங்கள் ஒரே நாளில் வரிக்கு வெளியே போயின, அதுவும் சட்டப்படி! யாரும் எதையும் ஒளிக்கவே தேவையில்லை. அப்போது சாமான் விலை அதே அளவுக்கு இறங்கியதாக எங்கள் வீட்டுக் கணக்குக் கொப்பிகளில் பதிவில்லை. 2022இல் அரசின் வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீதத்துக்கும் கீழே போனது. அந்த ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்தது. டொலர் இல்லாதது, கடன், கொரோனா, பசளைத் தடை எல்லாம் சேர்ந்த கதை அது. ஆனால் கஜானாவை முன்கூட்டியே காலி செய்துவைத்தது இந்த வரிக்குறைப்பு.

பிறகு என்ன நடந்தது? அரசு மறுபடியும் உப்பைத் தேடிப் போனது. இந்த முறை உப்பின் பெயர் மண்ணெண்ணெய். 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. கற்பிட்டியிலும் உடப்பிலும் சிலாபத்திலும் மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓட்டுகிற மீனவர்கள் படகைக் கரையேற்றி வைத்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். வற் வேறு 12, பிறகு 15, பிறகு 18 என்று ஏறியது. பால்மாவுக்கும் பாடசாலைக் கொப்பிக்கும் கட்டுகிறவர்கள் யார்? 300 மில்லியன் எல்லையால் லாபம் பார்த்தவர்களா?

நாங்கள் வந்த இடம்

ஏழு நூற்றாண்டுக் கதையை வைத்துக்கொண்டு எங்கள் வட்டத்தில் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டோம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் மூன்று விஷயங்களில் ஒத்துப்போகிறோம்.

முதலாவது, வரி ஏய்ப்பில் மிச்சமாகிற காசு, சரக்கு கடந்து போகிற குறுகலான வாயில் நிற்கிறவனிடம்தான் தங்கும். கற்பிட்டிக் கோட்டை, குத்தகைக்காரன், படகு முதலாளி, பெரிய இறக்குமதியாளர் என்று ஆள் மாறலாம், வாய் மாறுவதில்லை. வாங்குகிறவருக்குச் சிந்துவது சில்லறை.

இரண்டாவது, அந்தச் சில்லறையை அரசு வேறு வழியில் நம்மிடமே திருப்பி எடுக்கும், ஒளிக்கவே முடியாத பொருளில்.

மூன்றாவது, வரி கொடுக்கச் சொல்கிறவன் கணக்கும் காட்ட வேண்டும். 1840இல் மீனவர்கள் தாங்களாகவே பங்கு கொடுத்தது, அது என்ன ஆகிறது என்று கண்ணால் கண்டதால்தான். புத்தளம் ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறதா, பிரதேச சபை வாங்கிய காசுக்கு வீதி போட்டதா, வரிச் சலுகை எந்தக் கம்பனிக்கு எத்தனை வருடம் போனது என்று கேட்கிற உரிமை நமக்கு இருக்கிறது. 2016இன் தகவல் அறியும் சட்டம் அதற்குக் கருவியாகவும் இருக்கிறது. ஒரு கையில் பில்லைக் கேட்டு வாங்குவோம், மறு கையால் அந்த விண்ணப்பத்தையும் எழுதுவோம். பில் கேட்காதவனுக்குக் கணக்குக் கேட்கிறபோது குரல் கொஞ்சம் தாழ்ந்துதான் வரும்.